சாலை வீட்டுத் தலைவி

மகளும் அவளுடைய நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டை எனக்கு விளக்கியபோது, எனக்குப் புரிய நேரமாகும் என்று நினைத்தார்கள். டீ ஆறுவதற்குள் புரிந்துவிட்டது. அது ஒரு கற்பனை உலகம். அங்கே சில பெரிய குடும்பங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. பிள்ளைகள் வயதுக்கு வரும் பருவத்தில் தோளிலோ மணிக்கட்டிலோ யாரும் வரையாமல் அது தானாக நீல நிறத்தில் எழும்பும். அதோடு மந்திர சக்தியும் வரும். ஒரு குடும்பத்தின் குறி நோயைத் தீர்க்கும். இன்னொன்றின் குறி மழையைக் கூப்பிடும். சாலைக் குறி உள்ளவர்களின் வண்டிகள் எந்த மேட்டிலும் திணறாமல் போகும். அதனால் அந்த உலகத்தில் வைத்தியம் என்றால் ஒரு வீட்டுக்குத்தான் போக வேண்டும், சரக்கு அனுப்புவது என்றால் இன்னொரு வீட்டுக்கு. ராஜாக்கள் மாறுவார்கள், இந்த வீடுகள் மாறாது.

இதில் கற்பனை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நாமக்கல்லில் பிறந்து வளர்ந்தவளுக்கு லாரி யார் கையில், முட்டை யார் கையில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி யார் கையில் என்று தெரியாதா? எங்களுக்குக் குறி தோலில் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கதையை நடத்தும் பையன் மட்டும் தலையை ஆட்டி, "கரெக்ட்டுங்க" என்றான்.

அவனை நான் கண்டக்டர் என்றுதான் சொல்வேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து ஆடுவார்கள். வண்டி எங்கே நிற்கும், யார் ஏறுவது, யார் இறங்குவது என்பதெல்லாம் அவன் கையில். மோகனூர்ப் பக்கம் கரும்பு விவசாயக் குடும்பம். எஞ்சினியரிங் முடித்து இங்கே லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் டிசைன் வேலை பார்க்கிறான். அவனைத் தவிர என் மகள், அவளுடைய கல்லூரித் தோழி, கோழித் தீவனக் கம்பெனியில் வேலை செய்யும் வாயாடிப் பையன் ஒருவன். மகள் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமையானால் மாடிப்படி அடியில் செருப்புகள் சேரும், மேலே பல முகங்கள் கொண்ட பகடைகள் உருளும் சத்தம் கேட்கும்.

நான் பயந்த சுபாவக்காரி. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். வகுப்பில் என்னைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவார்கள், வீட்டில் நான் எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். மகள் வண்டியை எடுத்தால் அவள் போய்ச் சேரும்வரை போனைக் கீழே வைக்க மாட்டேன். பேப்பரில் காதல் கல்யாணம் பற்றிய செய்தி வந்தால் அந்தப் பக்கத்தை மடித்து அடியில் வைத்துவிடுவேன். ஆகவே பையன்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்ததும், அவித்த கடலை, முறுக்கு என்று ஏதாவது ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். முட்டி வலித்ததுதான் மிச்சம்.

கண்டக்டர் பையன் முதல் நாள் வந்தபோதே, எங்கள் பக்கத்தில் எல்லாரும் கேட்பதை நானும் கேட்டேன்.

"என்ன கூட்டம் சாமி?"

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் சாதிக்குள் கூட்டம் என்று பல பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குலதெய்வம், ஒரு கோயில், அந்தக் கோயிலுக்கு வரி. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும், முகம் தெரியாதவர்களாக இருந்தாலும் பங்காளிகள். ஆணும் பெண்ணுமாக இருந்தால் அண்ணன் தங்கை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் வேறு கூட்டத்தில்தான்.

பையன் தன் கூட்டத்தின் பெயரைச் சொன்னான். என் வீட்டுக்காரருடைய கூட்டமேதான். என் மகளுடைய கூட்டமும் அதுவே. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது. "அட, நம்ம பங்காளி ஊட்டுப் பையன்! நான் உனக்குப் பெரிம்மா முறையாகோணும்" என்று சொல்லி இன்னொரு கரண்டி உப்புமா வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். இரண்டு லாரி வைத்து ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். கோயில் வரி ஒழுங்காகக் கட்டுகிற குடும்பமா என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு நான் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறவில்லை. வேண்டுமானால் கீழே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். தீவனக் கம்பெனிப் பையன் வராத நாளில்கூட எனக்குக் கவலை வரவில்லை. அண்ணன் தங்கை உட்கார்ந்து விளையாடினால் அதில் கவலைப்பட என்ன இருக்கிறது? அந்தப் பையன் என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏனுங்க, தண்ணி குடுங்க", "போய்ட்டு வாரேனுங்க" என்று பேச்சை ஓட்டிவிடுவான். கூச்சக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

தோழிக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போனபோது ஒரு இடம் காலியானது. சாலை வீட்டின் தலைவியாக ஆடியவள் அவள்தான். கதை பாதியில் நிற்கிறது, அந்தப் பாத்திரம் இல்லாமல் நகராது, நீ வந்து உட்கார் என்று மகள் கூப்பிட்டாள். எனக்கு உள்ளூர ஆசைதான். தலைவி வயதானவள், கண்டிப்பானவள், வீட்டின் வழக்குகளைத் தீர்ப்பவள் என்றார்கள். ஏற்கெனவே செய்கிற வேலைதான் என்று போய் உட்கார்ந்தேன்.

அந்த உலகத்தின் கல்யாண விதியை அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னார்கள். இரண்டு வேறு குறிக்காரர்கள் மணந்துகொண்டால் பிறக்கும் பிள்ளைக்குக் கோணல் குறி வரும். அதன் சக்தி யாருக்கும் அடங்காது, ஊரையே அழித்துவிடும். அதனால் குறி உள்ளவர்கள் தங்கள் வீட்டுக்குள்ளேயே மணப்பதைத்தான் எல்லா வீடுகளும் விரும்பும். அப்போது குறி அழுத்தமாக விழும். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் காதில் விழுந்தது ஒன்று, மனதில் இருந்தது ஒன்று.

ஆட்டம் ஓடியது. நான் பகடையை உருட்டி ஒரு கொள்ளைக் கூட்டத்தை விரட்டினேன், மழை வீட்டாரிடம் பேரம் பேசினேன். எல்லாவற்றிலும் ஜெயித்தேன். பிறகு கண்டக்டர் பையன் ஒரு வழக்கைக் கொண்டுவந்தான். சாலை வீட்டில் ஒரு பெண், ஒரு பையன். இருவருக்கும் சாலைக் குறி. மணந்துகொள்ளத் தலைவியின் உத்தரவைக் கேட்டு நிற்கிறார்கள். பெண்ணின் பாத்திரத்தை ஆடுவது என் மகள்.

"அதெப்படி?" என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒரே குறி. அண்ணன் தங்கச்சி ஆச்சே."

தீவனக் கம்பெனிப் பையன் மேசையைத் தட்டிச் சிரித்தான். "ஆன்ட்டி, ரூலே தலைகீழுங்க. ஒரே குறின்னாத்தான் கட்டிக்கலாம். நீங்க நாமக்கல்லு ரூலுக்குப் போய்ட்டீங்க."

நானும் சிரித்தேன். கண்டக்டர் பையன் சிரிக்கவில்லை. பகடையைக் கையில் மூடி வைத்துக்கொண்டு, "அவங்க ரெண்டு பேருக்கும் பொதுவான பாட்டன் யாருன்னு யாருக்குமே தெரியாதுங்க. பத்துத் தலமுறைக்கு அக்கட்ட இருக்கலாம். அப்பவும் அண்ணன் தங்கச்சிதானுங்களா?" என்று கேட்டான்.

தலைவிக்குரிய குரலில் சொன்னேன். "அப்பவுந்தான்."

அவன் பகடையை மேசைமேல் வைத்துவிட்டான். உருட்டவில்லை. மகள் டீ போடுகிறேன் என்று எழுந்து கீழே போனாள். வீட்டில் டீ போடுவது எப்போதும் நான்தான். அதனால் பின்னாலேயே போனேன்.

அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். என்ன ஆயிற்று, விளையாட்டுதானே என்றேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"அவன் உன்ன ஒரு தடவகூடப் பெரிம்மான்னு கூப்பிட்டதில்லம்மா. நீ கவனிக்கவே இல்லியா?"

கவனிக்கவில்லை. பாலை அடுப்பில் வைத்தேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் பால் வைத்ததே நினைவுக்கு வந்தது.

அந்த வாரத்தை எப்படிக் கடத்தினேன் என்று இப்போதும் எனக்கே தெரியவில்லை. வெளிச்சாதிப் பையன் ஒருவனைப் பற்றிப் பயந்து பயந்து, அதற்கு வேண்டிய பதில்களையெல்லாம் பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்தேன். இது அந்தக் கணக்கிலேயே வரவில்லை. சாதி ஒன்று, வசதி ஒன்று, பையன் நல்லவன், வேலை இருக்கிறது. ஆனால் கூட்டமும் ஒன்று. கோயில் காரியங்களைப் பார்ப்பவர் வீட்டுக்காரருடைய அண்ணன். அண்ணன் தங்கையைக் கட்டி வைத்த வீடு என்று பேசுவார்கள், பொங்கல் வைக்க எங்களுக்கு இடம் இருக்காது, ஒரு சாவுக்குக்கூட யாரும் வந்து நிற்க மாட்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் மகள் போய்விடுவாள். அவள் சத்தம் போடுகிறவள் அல்ல. சத்தமில்லாமல் பெங்களூர் போய் அங்கேயே இருந்துவிடுகிறவள்.

புதன்கிழமை பத்தாம் வகுப்பில் ஒரு சமன்பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். பாதியில், அந்த விளையாட்டுக்கும் எங்களுக்கும் உள்ள ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. அங்கே குறி தோலில் இருக்கிறது, செத்தாலும் மாறாது. இங்கே அப்படி இல்லை. நான் பிறந்தது வேறு கூட்டம், வேறு கோயில். தாலி ஏறிய காலையில் வீட்டுக்காரருடைய கூட்டத்துக்கு வந்தேன். அன்றிலிருந்து இந்தக் கோயில்தான் என் கோயில். கேட்கிறவர்களிடம் யோசிக்காமல் இந்தக் கூட்டத்தின் பெயரைத்தான் சொல்கிறேன். பெண்ணுக்குக் கூட்டம் மாறும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்யாணத்தில் மாறலாம் என்றால் தத்துக் கொடுத்தாலும் மாறலாம்.

மதிய இடைவேளையில் என் அண்ணனுக்குப் போன் செய்தேன். மேட்டூர் அனல் மின் நிலையத்தில் வேலை. விஷயத்தைச் சொன்னேன். என் மகளை முறைப்படி அவன் மகளாக எடுத்துக்கொண்டு, எங்கள் பிறந்த வீட்டுக் கூட்டத்துப் பெண்ணாகக் கட்டிக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்ததுக்கே எனக்கு இன்னும் இடுப்பு நிமிரல. இவ மூணாவதா?" என்றான். பிறகு அவனே சொன்னான். "புள்ள வந்தா வரட்டும். உன் ஊட்டுக்காரரு என்ன சொல்றாரு?"

இன்னும் சொல்லவில்லை என்றேன். அவர் சரி என்றால் தனக்கும் சரி என்று வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை செருப்புகள் வந்தன. நான் கூப்பிடாமலே மாடிக்குப் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் கீழே கூடத்தில், மாடிப் பேச்சு காதில் விழும் இடத்தில், டயர் பில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரத் தீர்ப்பை மாற்றுகிறேன், மாற்ற இடம் உண்டா என்று கேட்டேன். தலைவிக்கு உண்டு என்றான் கண்டக்டர் பையன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ண மழ வீட்டுக்கு மகளாக் குடுத்தர்றேன். அவங்க ஊட்டுப் பொண்ணா அவ இங்க மருமகளா வரட்டும்."

தீவனக் கம்பெனிப் பையன் தலையில் கைவைத்தான். "அய்யோ ஆன்ட்டி, இங்க அவங்களுக்குத் தடையே இல்லீங்க. சும்மா சரின்னு சொன்னாப் போதும். நீங்க சொல்றாப்ல பண்ணுனாத்தான் தப்பு."

"இங்க இல்ல சாமி" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. மற்ற இருவருக்கும் புரிந்தது. மகள் குனிந்து தன் தாளில் எதையோ அழிக்க ஆரம்பித்தாள். அழிக்க அங்கே ஒன்றும் இல்லை. கண்டக்டர் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"குறி தோல்ல இருக்குதுங்களே. அத எப்படி மாத்துவீங்க?"

"எனக்கு மாத்துனாங்களே. ஒரே காலையில."

மகள் நிமிர்ந்தாள். அவள் கணக்கில் என்னைவிட வேகம். "அப்ப கல்யாணப் பத்திரிகையில மாமா பொண்ணுன்னுதானே போடுவாங்க. நீ எனக்கு என்னவாகோணும்?"

நான் அதை ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தேன். அண்ணன் மகள் என்றால் நான் அத்தை. அதைச் சொன்னேன்.

கண்டக்டர் பையன் பகடையை எடுத்து என் பக்கம் தள்ளி, "உருட்டுங்க அத்தை" என்றான். அவன் என்னை முறை சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. நல்ல சத்தமாகவே கூப்பிட்டான்.

நான் என்ன உருட்டினேன், என்ன விழுந்தது என்று நினைவில்லை. கீழே இறங்கி வந்தபோது வீட்டுக்காரர் பில்களை அடுக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மேல அவன் உன்ன என்னன்னு கூப்புட்டான்?"

"அத்தைன்னு."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு லாரி ஷெட்டுக்குப் போய்விட்டார். அந்த மதியம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முடிவு சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரியான விடையை எழுதிவிட்டுத் திருத்துகிறவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார். கை கால் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே, "உங்கண்ணங்கிட்டப் பேசிட்டியா?" என்றார்.

பேசிவிட்டேன் என்றேன்.

"எங்கண்ணன் மூஞ்சியத் திருப்பிக்குவாரு."

"கொஞ்ச நாளைக்கு."

"தாரை வார்க்கறது?"

"எங்கண்ணன்."

துடைத்த கைகளையே அவர் மறுபடியும் துடைத்தார். "அப்ப எம்பட கைக்கு அங்க வேலையே இல்ல."

எனக்கும் என் பேருக்கும் அங்கே வேலை இல்லைதான். அதைச் சொல்லவில்லை. "பந்தியில நின்னு பரிமாறுங்க" என்றேன்.

அவர் துண்டைக் கொடியில் போட்டார். ஓரங்கள் சமமாகத் தொங்குகின்றனவா என்று பார்த்து இழுத்துவிட்டார். மாடியில் பகடை உருளும் சத்தம் கேட்டது.

"பரிமாறறேன் போ" என்றார். "அந்தப் பையன் சாப்புட்டானான்னு பாரு."