பன்றி மூக்கு டெம்போ

இன்று காலை மகள் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். உலகத்தின் அசிங்கமான வண்டிகளில் இதுவும் ஒன்றாம். உடனே கூப்பிட்டு, "யம்மா, இந்த மூஞ்சப் பாரேன்!" என்று சிரித்தாள்.

முன்னால் ஒற்றைச் சக்கரம், பன்றி மூக்கு, முழிக்கிற விளக்குகள். எழுபதுகளில் விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் ஏற்றிப்போன அதே மூன்று சக்கர டெம்போ.

"சிரிக்காதடி. நீ பொறக்குறப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போனதே இதுலதான்" என்றேன்.

அன்று வலி எடுத்தபோது குதிரை வண்டி கிடைக்கவில்லை. என் கணவர், தான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியின் டெம்போவையே டிரைவரோடு கொண்டுவந்துவிட்டார். கப்புகளுக்கு நடுவில் வைக்கோலில் என்னைப் படுக்கவைத்து, பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் நகரவே இல்லை. பயத்தில் அழுதுவிட்டேன்.

அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "புள்ளய கொஞ்சம் பொறுத்து வரச் சொல்லு. வந்ததும் இந்த வண்டி மூஞ்சில முழிச்சா பயந்துடும்" என்றார்.

அந்த வலியிலும் சிரித்தேன். கேட் திறந்தது. மகள் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள்.

"அப்பா இத எங்கிட்ட சொன்னதே இல்லியேம்மா" என்றாள் மகள், கேட்டு முடித்ததும்.

பிற்பாடு எத்தனையோ நல்ல கார்களில் அவரோடு போயிருக்கிறேன். சீட்டு தாராளம். அவருக்கு ஒரு ஜன்னல், எனக்கு ஒரு ஜன்னல். இப்போது அவருடைய ஜன்னல் பக்கம் காலி.

இந்த டெம்போ இன்னும் ஓடுகிற ஊர் எதுவென்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நெருக்கி உட்கார ஆள் இல்லாவிட்டாலும் ஒரு தடவை ஏறிவிட்டு வருகிறேன்.