நார்த்மீட்டில் எல்லோரும் குப்புறப் படுத்த காலை

சென்ற மாதம் ஒரு காலை, ட்ருகனினா புறநகரில் எங்கள் வீடு சில விநாடிகள் ஆடியது. மின்விளக்கு ஊசலாடியது, அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன, பிறகு எல்லாம் நின்றுவிட்டது. பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டிருந்த என் மகன், பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி மேசைக்கடியில் போய் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டான். நான் குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். "அம்மா, இட்ஸ் ஓகே, சின்னதுதான்" என்று மேசைக்கடியிலிருந்து அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் ஒரு கண்ணாடிக் குவளையில் பாதித் தண்ணீர் வைத்திருக்கிறேன். தண்ணீர் நடுங்கினால் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். ஆனால் லொறி போனாலும் தண்ணீர் நடுங்குகிறது. ட்ருகனினாவில் லொறி போகாத நேரம் என்று ஒன்று இல்லை. ஆகவே நாளுக்கு முப்பது தடவை பயப்படுகிறேன். மிச்ச நேரத்தில் இணையத்தில் வாசிக்கிறேன். இந்தக் கண்டம் ஒரு பெரிய பாறைத் தட்டின் நடுவில் இருக்கிறதாம், தட்டு மெல்ல வடக்கே நகர்கிறதாம், அந்த நெருக்குதல் எங்கேயோ ஒரு பழைய வெடிப்பில் திடீரென்று வெளியேறுமாம். எங்கே, எப்போது என்று யாராலும் சொல்ல முடியாதாம். இதை வாசித்தால் மனம் ஆறும் என்று மகன் சொன்னான். அவனுக்குப் பதினைந்து வயது.

இந்த மண் நடுங்கியதை நான் முதன்முதலில் பார்த்தது ஏழு வயதில், சிட்னியில். அன்று எனக்குத் துளியும் பயம் வரவில்லை. அன்றைய என் கவலையெல்லாம் மாமாவைப் பற்றியது.

மாமா என் அம்மாவின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிட்னியின் நார்த்மீட்டில் எங்கள் வாடகை வீட்டின் பின்னறையில் இருந்தார். நல்ல உயரம், நல்ல குரல், தொழிற்சாலையில் வேலை. ஒரே ஒரு குறை: ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் எதற்கடியிலாவது புகுந்துவிடுவார். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைக் கொண்டுவரும் ஹெலிகொப்டர் எங்கள் கூரைக்கு மேலாகத்தான் போகும். வாரத்தில் இரண்டு மூன்று தடவை மாமாவைக் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே அழைப்பது என் வேலைகளில் ஒன்று. அது எனக்குப் பிடித்த வேலையும்கூட.

அந்தக் குறையால் ஒரு சம்பந்தம் ஏற்கெனவே தவறிப் போயிருந்தது. ஒரு ஞானஸ்நான விருந்தில், பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாமா கேக் மேசைக்கடியில் புகுந்தார். மேசை விரிப்பும் அவரோடு போனது, கேக்கும் போனது. பெடியன் நல்லவன், ஆனால் கொஞ்சம் பயந்தவன் போல என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். அம்மா மூன்று நாள் யாரோடும் கதைக்கவில்லை.

இரண்டாவது சம்பந்தம் கிறிஸ்மஸ், எங்களுக்கு நத்தார், முடிந்து மூன்றாம் நாள் வந்தது. மாப்பிள்ளை பார்க்க வருகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை; நத்தார்ப் பலகாரம் சாப்பிட வருகிறோம் என்றார்கள். சாப்பிடுங்கோ என்று நாங்களும் சொன்னோம். இரு பக்கமும் ஒரு கிழமையாக இந்தப் பலகாரத்தைப் பற்றித் தொலைபேசியில் மிகுந்த அக்கறையோடு கதைத்தார்கள்.

"அக்கா, இதுவும் பிழையாப் போனா இனி ஆரையும் கூப்பிடாதேங்கோ" என்றார் மாமா. "எனக்கு வெக்கமா இருக்கு."

"பிழையாப் போகாது. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள் அம்மா.

பார்த்துக்கொண்டது அப்பாதான். அவர் வக்யூம் கிளீனரை நடைக்கூடத்தில் வைத்துத் திடீரென்று முடுக்குவார். மாமா கதிரையில் அசையாமல் இருந்து தேநீர் குடிக்க வேண்டும். முதல் நாள் கோப்பை மட்டும் கதிரையில் இருந்தது. இரண்டாம் நாள் அப்பா இரக்கப்பட்டு, "மச்சான், ஹெலி வருது!" என்று கத்திவிட்டு முடுக்கினார்.

"சொல்லிப்போட்டுப் போட்டா அது என்ன பயிற்சி?" என்று அம்மா குசினியிலிருந்து ஏசினாள்.

நான்காம் நாள் மாமா கதிரையிலேயே இருந்தார். தேநீரில் பாதி மடியில் இருந்தது. அம்மா அதை வெற்றி என்று அறிவித்து, என்னை அழைத்துப் பொறுப்பை ஒப்படைத்தாள். நான் மாமாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹெலிகொப்டர் வந்தால் அவர் கையை இறுகப் பிடித்து, விடவே கூடாது. பார்ப்பவர்களுக்கு மருமகளில் பாசம் போலத் தெரியும்.

அவர்கள் பத்து மணிக்கு வந்தார்கள், தகப்பனும் மகளும். தாய் இன்னும் மன்னாரில், விசாவுக்குக் காத்திருந்தார். தகப்பன் அங்கே தபாலதிபராக இருந்தவர். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, அந்த டிசம்பர் வெயிலில் வியர்த்துக்கொண்டு நின்றார். மகள் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். அம்மா அந்த அக்காவை நல்ல கதிரையில் இருத்தினாள். மாமா எதிர்க் கதிரையில். மாமாவின் பக்கத்தில் நான், ஒரு கையில் நத்தார்க் கேக், மறு கைக்குள் மாமாவின் கை. அது ஈரமாக இருந்தது.

கதை சுற்றிச் சுற்றி வெயிலைப் பற்றியே போனது. இங்கே நத்தாருக்கு இப்படி வெயில் எறிக்கிறதே என்று அந்த அக்காவின் தகப்பன், எனக்கு அங்கிள், சொன்னார். மன்னாரிலும் வெயில்தானே என்று அப்பா சொன்னார். அது வேறு வெயில் என்பதில் எல்லோரும் உடன்பட்டார்கள். மாமாவும் அந்த அக்காவும் ஒரு சொல் கதைக்கவில்லை. இருவரும் அடிக்கடி முகட்டைப் பார்த்தார்கள். மாமா ஏன் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த அக்காவுக்கு எங்கள் முகடு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பொரித்த பற்றீஸ் தட்டோடு குசினியிலிருந்து வந்தபோதுதான் அது வந்தது. முதலில் சத்தம், வீட்டுக்கு அடியால் ஒரு பெரிய லொறி போவது போல. பிறகு ஜன்னல்கள் கடகடத்தன. பாலன் குடிலில் மூன்று இராசாக்களில் ஒருவர் ஒட்டகத்தோடு சரிந்தார்.

"படுங்கோ!"

அது மாமாவின் குரல் என்று நினைக்கிறேன். அங்கிளின் குரலாகவும் இருக்கலாம். தான்தான் முதலில் கத்தியது என்று இருவரும் கடைசிவரை சாதித்தார்கள். நான் பார்த்தபோது என் கைக்குள் மாமாவின் கை இல்லை. கம்பளத்தில் ஐந்து பேர் குப்புறக் கிடந்தார்கள். அப்பா தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கம். அங்கிள் கோட்டோடு சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில். அம்மா குசினி வாசலில். தட்டை நிலத்தில் வைத்துவிட்டே படுத்திருக்கிறாள், ஒரு பற்றீஸ்கூட உருளவில்லை. தேநீர் மேசைக்கடியில் ஒரு பக்கத்தால் மாமாவும் மறு பக்கத்தால் அந்த அக்காவும் நுழைந்து, தலையும் தலையும் முட்டிக் கிடந்தார்கள்.

கதிரையில் நான் ஒருத்திதான் இருந்தேன், கேக்கோடு.

ஆட்டம் நின்றது. யாரும் எழும்பவில்லை. ஊரில் ஒரு குண்டு விழுந்தால் இன்னொன்று வரும் என்பது அவர்களுக்குப் பாடம். அந்த இரண்டாவதுக்காகக் காத்துக் கிடந்தார்கள் என்று இப்போது விளங்குகிறது. அன்று எனக்கு, பெரியவர்கள் எல்லோரும் ஏதோ விளையாட்டுக்குப் பேசி வைத்திருக்கிறார்கள், என்னை மட்டும் சேர்க்கவில்லை என்று பட்டது.

"வடக்கால வந்தது" என்றார் அங்கிள், சோபாவின் பின்னாலிருந்து.

"ஓம் ஐயா, வடக்குத்தான். ஆனா தூரம்" என்றார் அப்பா.

"பெரிய சாமான் போல கிடக்கு. நிலமெல்லோ அதிர்ந்தது."

அப்போது மேசைக்கடியிலிருந்து அந்த அக்காவின் குரல் முதன்முதலாகக் கேட்டது. "ஷெல் இல்லை அப்பா. ஷெல் எண்டா முதல்ல கூவிக்கொண்டு வரும். இது கூவேல்லை."

கொஞ்ச நேரம் எல்லோரும் அதை யோசித்தார்கள்.

"அவ சொல்லுறது சரி" என்றார் மாமா. அன்று காலை அவர் உரத்துச் சொன்ன முதல் வசனம் அது. "கூவேல்லைத்தான்."

"பொம்மர் பிளேன் எண்டாலும் இரைச்சல் கேக்கும்" என்றார் அந்த அக்கா.

"ஓம், கேக்கும்." இப்படி ஒத்துப்போன இருவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

வாசல் வலைக்கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா, அரைக் காற்சட்டையோடும் கையில் ஒரு சிறிய வானொலியோடும் நின்றார். வலைக்குள்ளால் உள்ளே பார்த்தார். எல்லோரும் நிலத்தில் கிடப்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. வெரி குட், வெரி சென்சிபிள் என்று பாராட்டினார். இந்தத் தெருவில் பூமி நடுக்கத்துக்கு ஒழுங்காகப் படுக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தான், என் மனைவி அலமாரிக்குப் பக்கத்தில் நின்று பீங்கானைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்றார்.

"என்னவாம்?" என்றாள் அம்மா, முகத்தைக் கம்பளத்திலிருந்து எடுக்காமலே.

அப்பா முழங்காலில் எழும்பி இருந்தார். "பூமி நடுக்கமாம்."

"என்ன?"

"பூமி நடுங்கினதாம். வடக்கே நியூகாசில் பக்கமாம். றேடியோ சொல்லுதாம்."

"அப்ப, ஒருத்தரும் அடிக்கேல்லையோ?" என்று கேட்டார் அங்கிள்.

"ஒருத்தரும் அடிக்கேல்லையாம் ஐயா!"

முதலில் சிரித்தது அம்மா. படுத்தபடியே சிரிக்கத் தொடங்கினாள், தோள் குலுங்கியது. பிறகு அங்கிள் சோபாவின் பின்னால் சிரித்தார். அவரை நாங்கள் காணவில்லை, சோபாதான் ஆடியது. மேசைக்கடியிலிருந்து இரண்டு சிரிப்புகள் வந்தன. அப்பா தொலைக்காட்சிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "தானா நடுங்கினதாம்! தானா!" என்று கண்ணீர் வரச் சொன்னார். வெள்ளைக்காரத் தாத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நல்ல மனிதர், தானும் சிரித்தார். நியூகாசிலில் கட்டடங்கள் இடிந்ததும் ஆட்கள் இறந்ததும் பின்னர்தான் செய்தியில் வந்தது. அப்போது அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி, காலையில் சிரித்ததற்காக எங்களையும் முழங்காலில் இருத்தினாள்.

ஆனால் அந்த நேரம் எங்களுக்கு அது தெரியாது. அங்கிள் கோட்டைத் தட்டிக்கொண்டு எழும்பி, கழுத்துப்பட்டியைக் கழற்றினார்.

"உண்மையைச் சொல்லிப்போடுறன் தங்கச்சி" என்றார் அம்மாவிடம். "கார் வழிய முழுக்க இவளுக்குப் படிப்பிச்சுக்கொண்டு வந்தனான். ஹெலி போனாலும் அசையப்படாது, முகட்டைப் பாக்கப்படாது எண்டு. ஆஸ்பத்திரியில ஹெலி இறங்கினா இவள் படுக்கை விரிப்பு வைக்கிற அலமாரிக்குள்ள போயிடுவாள்."

"அப்பா!" என்றார் அந்த அக்கா.

"எந்த அலமாரி?" என்று மாமா அவரிடம் கேட்டார். மிக உண்மையான அக்கறையோடு கேட்டார். "கதவு உள்ளுக்காலயும் பூட்டுமோ?"

அதோடு சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அப்பா எப்போதும் சொல்வார். வைகாசியில் கல்யாணம்.

என் கதை அதோடு முடியவில்லை. எல்லோரும் எழும்பித் தூசி தட்டும்போது அம்மா என்னைக் கண்டாள். நான் இருத்திய இடத்திலேயே இருந்தேன். அவள் முழங்காலாலேயே வந்து என் முகத்தையும் கைகளையும் தடவிப் பார்த்தாள்.

"நீ படுக்கேல்லையோ பிள்ளை?"

மாமாவின் கையை விட்டது ஒரு பிழை. எல்லோரும் படுத்தபோது படுக்காதது இரண்டாவது பிழை. "நீங்கள் இருக்கச் சொன்னனீங்கள்" என்றேன்.

"இஞ்சை பாருங்கோ" என்று அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். "இவள் படுக்கேல்லை. கேக் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்!" பிறகு அதையே அங்கிளிடம் சொன்னாள். மாமாவிடம் சொன்னாள். அரைகுறை இங்கிலீசில் வெள்ளைக்காரத் தாத்தாவிடமும் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துக் கவலையோடு தலையாட்டி, அடுத்த தடவை படுக்க வேண்டும் என்று புத்தி சொன்னார். ஊரில் எனக்கு மூன்று வயதாக இருந்தபோது, பெரியவர்களுக்குச் சத்தம் கேட்கும் முன்பே நான் ஓடிவந்து, காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் முகம் வைத்துப் படுப்பேன் என்பதை அப்பா எனக்குச் சொன்னது, என் மகன் பிறந்த பிறகு. அன்று அது எனக்குத் தெரியாது. ஞாபகமும் இல்லை. என் பிழையை அம்மா ஏன் வீடு முழுக்கச் சொல்லித் திரிகிறாள் என்று வெட்கமாக இருந்தது.

விருந்தாளிகள் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நின்றார்கள். மாமா பரிமாறினார். நான் மெல்லப் பின்வளவுக்குப் போனேன். அடுத்த தடவை யாரும் குறை சொல்லக் கூடாது. புல்லில் நின்று, "படுங்கோ!" என்று எனக்கே சொல்லி, விழுந்து படுத்தேன். முதல் தடவை முழங்கால் உரசியது. மூன்றாம் தடவை மாமாவைப் போலவே வந்தது. ஐந்தாம் தடவை மூக்கு புல்லில் புதையப் படுத்துக் காதைப் பொத்தினேன். அதை யாரும் காட்டித் தரவில்லை, தானாக வந்தது.

குசினி ஜன்னலால் கண்டிருக்க வேண்டும். அம்மா செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"பாருங்கோ அம்மா, இப்ப வடிவாப் படுக்கிறன்" என்றேன்.

அம்மா என் தோளைப் பிடித்துப் புரட்டி, மல்லாக்கக் கிடத்தினாள். பிறகு நத்தாருக்கு வாங்கிய அந்தப் புதுச் சேலையோடு, தானும் என் பக்கத்தில் மல்லாக்கப் படுத்தாள். "இப்பிடிப் படு" என்றாள். வானம் ஒரே நீலமாக இருந்தது, கண் கூசியது. வீட்டுக்குள் மாமா ஏதோ சொல்ல அந்த அக்கா சிரித்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி, எழும்பும் எண்ணமே இல்லாமல் கிடந்தாள்.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எல்லோரும் எவ்வளவு திறமாகக் குப்புறப் படுத்தார்கள். அம்மாவுக்கு மட்டும் சரியாகப் படுக்கத் தெரியவில்லை.