நாலாவது காம்பராவின் நீல வாளி

வலைப்பதிவு தொடங்குவது எப்படி என்று சொல்லித்தரும் பக்கங்கள் இணையத்தில் ஏராளம். அவற்றில் ஏழெட்டை வாசித்தேன். ஒரு வேலையைத் தள்ளிப்போட அதைப்பற்றி வாசிப்பதைவிட மரியாதையான வழி இல்லை. எல்லாப் பக்கங்களும் ஒன்றையே சொல்லின: உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைப் பற்றி எழுதுங்கள்.

நான் ரஷ்ய நாவல்களைப் பற்றி எழுதினேன்.

மஸ்கெலியாவில் ஒரு ஹாட்வெயார் கடையில் பதினேழு வருடமாக ஆணியும் தகரமும் விற்கும் ஒருவனுக்கு, தனக்கு நன்றாகத் தெரிந்தது ரஷ்யப் பனிதான் என்று ஏன் தோன்றியது என இன்றுவரை விளங்கவில்லை. நீர்த்தேக்கத்திலிருந்து எழும்பி வந்து கடைக்குள் நுழையும் மூடுபனி காரணமாக இருக்கலாம்.

முதல் மூன்று மாதம் எனக்கு மூன்று வாசகர்கள். ஒருவர், போனில் வாசிக்கும் நான். மற்றவர், கடைக் கம்பியூட்டரில் வாசிக்கும் நான். மூன்றாமவர் யாரென்று தெரியாமல், எங்கேயோ ஒரு பேராசிரியர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன். கடைசியில் அது எங்கள் முதலாளி. கடை நேரத்தில் எழுதுகிறேனா என்று பார்க்கத்தான் வாசித்திருக்கிறார்.

"நல்லாத்தான் ஈக்கி," என்றார், கல்லாவில் இருந்தபடியே. "ஆனா எழுத்தாளரே, இதுல எல்லாரும் மவுத்தாப் போனவங்களா ஈக்கிறாங்களே. உசிரோட ஈக்கிறவங்களப் பத்தி எழுத ஏலாதா?"

இணையம் ஏழெட்டுப் பக்கத்தில் சொன்னதை முதலாளி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அன்றே எங்கள் லயத்துப் பைப்படியைப் பற்றி எழுதினேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு குடும்பம், எல்லோருக்கும் ஒரு பைப். அங்கே நடக்கும் வரிசை, அரசியல், சமாதான ஒப்பந்தங்கள். பூண்டுலோயாவில் இருந்து ஒருவர் "எங்க பைப்படியிலயும் இதே கததான்" என்று எழுதினார். பட்டிப்பொலயில் இருந்து இன்னொருவர், தங்கள் சண்டைகள் இதைவிடத் தரமானவை என்றார். ரஷ்யர்களை அத்தோடு கைவிட்டேன். அவர்களும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

என் மனைவி தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிறவர். தோட்டத்தில் அவர் பெயரில் கிடைத்த ஒற்றை அறைக் காம்பராவில்தான் நானும் குடியிருக்கிறேன்: ஏழாம் நம்பர் லயம், அஞ்சாவது காம்பரா. லயத்துக்காம்பராக்களுக்கு இடையில் சுவர் உண்டு. ஆனால் அது கூரைவரைக்கும் போவதில்லை. மேலே இரண்டடி இடைவெளி. அதன் வழியாக உப்பு வரும், நெருப்புப்பெட்டி போகும், குழம்பு வாசனை கேட்காமலே வரும். பேச்சும் அப்படித்தான். எழுதுகிறவனுக்கு இதைவிட வசதியான வீட்டை யாரும் கட்டிக்கொடுத்துவிட முடியாது.

நாலாவது காம்பராவில் ஒரு அக்கா. புருசன் இல்லை. ஒரே மகள் இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்தாள்; தீபாவளிக்குத் திரும்பவேண்டும். பொழுது சாய்ந்ததும் மகளின் அழைப்பு வரும். சிக்னல் அக்காவின் அடுப்புக்கு மேலுள்ள சின்ன ஜன்னலில் மட்டுமே நிற்கும் என்பதால் போனை அங்கே வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, குவைத்வரைக்கும் கேட்கவேண்டிய சத்தத்தில் அக்கா பேசுவார். நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்காமல் இருக்கத்தான் பிரயத்தனம் தேவைப்பட்டது.

அந்த மழைக்காலத்தில் அக்காவின் கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. கட்டிலை ஒரு மூலைக்குத் தள்ளி, நடுவே நீல வாளி ஒன்றை வைத்திருந்தார்.

"என்னாம்மா சத்தம், டொக்கு டொக்குன்னு?" என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

"பைப்புல தண்ணி புடிக்கிறேன்டி."

"பைப்பு கோயில் பக்கத்துலல்ல இருக்கு?"

அக்கா ஒரு நொடிதான் தயங்கினார். "இப்ப வீட்டுக்குள்ளயே பைப்பு குடுத்துட்டாங்கள்ல."

சுவருக்கு இந்தப் பக்கம் என் வாயிலிருந்த தேத்தண்ணி மூக்குக்குப் போய்விட்டது. இப்படி நாளுக்கொரு பொய். மீன் ஆக்கினேன் என்பார்; அன்று பருப்பும் இருக்காது. முழங்கால் வலி போயே போச்சு என்பார். மறுநாள் என் மனைவிதான் அக்காவின் கொழுந்தையும் சேர்த்துச் சுமந்து வருவார்.

அதை எழுதினேன். பிரியத்தோடுதான் எழுதினேன், அதில் பொய்யில்லை. ஆனால் பிரியத்துக்குக் கீழே, இது நன்றாக ஓடும் என்ற வியாபாரப் புத்தியும் இருந்தது. யாருக்கும் ஆளடையாளம் தெரியக்கூடாது என்று மிகுந்த கவனம் எடுத்தேன். அக்காவுக்கு அரசகுமாரிக்குரிய ஒரு பெயர் வைத்தேன். மகளை வேறொரு நாட்டுக்கு அனுப்பினேன். முதல் வரியில் மட்டும், காட்சி கண்முன் வரட்டும் என்று, "மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஏழாம் நம்பர் லயத்தின் நாலாவது காம்பராவில்" என்று தொடங்கினேன்.

தோட்டத்துக்காரனைத் தவிர வேறெவனும் இந்தப் பிழையைச் செய்யமாட்டான். எங்களிடத்தில் பெயரை வைத்து யாரையும் தேடுவதில்லை. ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போதும், கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போதும், கடன்காரன் வரும்போதும், லய நம்பரும் காம்பரா நம்பரும்தான் ஆளைக் காட்டும். அக்காவின் சட்டையை மாற்றிவிட்டு முகத்தை அப்படியே விட்டிருந்தேன்.

அந்தப் பதிவு என் வாழ்க்கையில் நான் காணாத ஓட்டம் ஓடியது. யார் யாரோ தங்கள் அம்மா சொன்ன பொய்களை எழுதினார்கள். நான் கடையில் ஆணி நிறுக்கும்போதுகூட ஒரு மாதிரி சாய்ந்து நின்று நிறுத்தேன் என்று முதலாளி பிறகு சொன்னார். நாலாம் நாள் அது குவைத்தில் வேலை செய்யும் மலையகத்துப் பெண்களின் வட்சப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் வந்த அழைப்பில் மகள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"அம்மா, அந்த நீல வாளி எங்க இருக்கு?"

"எந்த வாளி?"

"ஒழுகுற எடத்துல வச்சிருக்கியே, அது."

வாளி மட்டும் பேசியது. டொக்.

"நாலாவது காம்பரான்னு எழுதியிருக்கும்மா. ஊரே வாசிக்குது. எனக்குத்தான் கடைசியாத் தெரியுது."

"அதெல்லாம் சும்மா எழுதுறதுடி."

"நா முடிவு பண்ணிட்டேன். தீவாளிக்கு வரல. மேடம் இன்னும் ரெண்டு வருசம் இருக்கியான்னு கேக்குறாங்க, மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். இருந்து ஒரு கூரையப் போட்டுட்டுத்தான் வருவேன்."

"வேணாம்டி. ஏன்டி, வேணாம்."

நான் இந்தப் பக்கம் மிக மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்தேன். மெதுவாக வைத்தாலும் அந்தப் பக்கம் கேட்கும்.

என் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே, "நீங்க எழுதுனதா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"அக்கா சொன்னது பொய்யின்னு நெனச்சிட்டீங்க. அது பொய்யில்ல. புள்ளைய வீட்டுக்கு வரவைக்கிற வேல. ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் அந்த வேலையப் பாத்துச்சு. நீங்க ஒரே நாள்ல கெடுத்துட்டீங்க."

இத்தனை புத்தகம் வாசித்த எனக்கு இது விளங்கவில்லை. ஒழுகும் கூரையை மகள் அறிந்தால் வரமாட்டாள் என்பதற்காகத்தான் அக்கா கூரையை ஒழுகவிடாமல் பேசிக்கொண்டிருந்தார். நான் அதை ஒரு தாயின் வேடிக்கையான கர்வம் என்று எழுதிவைத்திருந்தேன், உவமைகளோடு.

பதிவை அழித்தேன். பயனில்லை, அதற்குள் அதைப் பலர் பிரதியெடுத்து, என் பெயரை வெட்டிவிட்டு, பூப்படமெல்லாம் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வலைப்பதிவு வெற்றி பெற்றுவிட்டது என்பதற்கு முதல் அடையாளம், எழுதியவனாலேயே அதை இல்லாமலாக்க முடியாமற்போவது. இதை எந்தப் பக்கமும் சொல்லித்தரவில்லை.

மூன்று நாள் சுவருக்கு மேலாக எதுவும் வரவில்லை. உப்பில்லை, பேச்சில்லை; மகளின் அழைப்பைக்கூட அக்கா ஸ்பீக்கர் போடாமல் பேசினார். மலையிலும் அக்கா வேறு நிரைக்கு மாறிப் போனாராம். நாலாம் நாள் அக்காவின் வாசலில் போய் நின்றேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் யோசித்துவைத்திருந்த மன்னிப்பு நீளமானது, நல்ல வாக்கியங்கள் கொண்டது. வாசலில் அதில் ஒன்றுகூட வரவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா."

"நீங்க இல்லாதது ஒண்ணும் எழுதலயே தம்பி." முறத்தை இரண்டு தட்டு தட்டினார். "இப்ப நா என்னா சொன்னாலும் அவ நம்பமாட்டேங்குறா. நீங்க எழுதுனா நம்புறா. அப்ப கூரை போட்டாச்சுன்னு எழுதிருங்க."

"போடலயேக்கா."

"அப்பப் போட்டுட்டு எழுதுங்க."

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பற்பசை விளம்பரக் கலண்டரைப் பார்த்தார். பிறகு, "பின்னால ஓரம் நெளிஞ்ச தகரம் ஈக்கி. அத எடுங்க," என்றார். பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு தகரத்திலும் நெளிவு இல்லை. திரும்பி வந்து சொன்னபோது, "எனக்குத் தெரியும், எடுங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் மச்சான், மனைவியின் தம்பி, கூரையில் ஏறினான். பதினேழு வருடம் கூரைத்தகரம் விற்ற நான் அன்றுதான் முதன்முதலாக ஒரு கூரையைப் பக்கத்தில் பார்த்தேன், ஏணியின் இரண்டாம் படியில் இருந்து.

"அத்தான், புடிச்சிக்கிட்டிருக்கீங்களா, சாஞ்சிக்கிட்டிருக்கீங்களா?" என்று மேலிருந்து கேட்டான். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சாயந்தரம் வேலை முடிந்தது. அக்கா நல்ல சேலை உடுத்தி, நீல வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து படமெடுக்கச் சொன்னார். "கூரை போட்டாச்சு" என்று ஐந்து வரி எழுதினேன். நான் எழுதியதிலேயே உவமை இல்லாத பதிவு அதுதான்.

மகளின் பின்னூட்டம் அன்றே வந்தது. "வாளி தெரியுது. கூரையைக் காணோமே மாமா."

கூரையைப் படமெடுத்துப் போட்டேன்.

"மழை பெய்யும்போது எடுங்க."

பேராசிரியர்களை நான் வீணாக எதிர்பார்த்திருந்தேன்; கண்டிப்பான வாசகி குவைத்தில் இருந்தாள்.

மஸ்கெலியாவில் மழைக்குக் காத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த வாரம் வெயில் அடித்தது. ஐந்து நாள், இடைவிடாமல். லயமே வானத்தைப் பார்த்தது. தேயிலைக்கு நல்லதில்லை என்று தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா கவலைப்பட, எங்கள் கவலை வேறாக இருந்தது. மாசக் கடைசிக்கு இரண்டே நாள். அக்கா வாசலில் துணி காயப்போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். காயப்போட்டால் மழை வரும் என்பது அவர் கணக்கு.

ஆறாம் நாள் மத்தியானம் வந்தது. சாதாரண மழையில்லை, எதிர்மலை காணாமற்போகிற மழை. கடையில் முதலாளி என்னைப் பார்த்து, "ஓடுங்க," என்றார். ஓடினேன். அக்காவின் காம்பராவில் போனைப் பிடித்துக்கொண்டு, கூரையில் இருந்து தரைக்கு, தரையில் இருந்து கட்டிலுக்கு, மெதுவாக வீடியோ எடுத்தேன். தரை காய்ந்து கிடந்தது. தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தில் அக்கா என்னவோ சொன்னார், கேட்கவில்லை. சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீடியோ எடுக்கும்போதே, மழை சற்றுத் தணிந்த நேரம், சுவருக்கு அந்தப் பக்கம், என் வீட்டில், டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. லயத்துக்குக் கூரை ஒன்றுதான், ஒரு கோடியில் இருந்து மறு கோடிவரை. புதுத்தகரம் முடிந்து பழைய தகரம் தொடங்கும் இடம் எங்கள் பக்கத்தில் இருந்தது. போய்ப் பார்த்தபோது, என் மனைவி ஒழுகும் இடத்தில் குண்டான் வைக்காமல், மடித்த சாக்கைப் போட்டு, அதன்மேல் தண்ணீர் சத்தமில்லாமல் விழும்படி செய்துவிட்டு, உதட்டில் விரல் வைத்தபடி நின்றிருந்தார். வீடியோவில் கேட்டுவிடக்கூடாதாம்.

மகள் தீபாவளிக்கு வந்தாள். மேடத்திடம் என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று எழுதமாட்டேன். சுவரின் அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் இப்போதெல்லாம் எழுதுகிறேன். அக்காவே சில சமயம், "இத எழுதிக்கங்க தம்பி, அத எழுதாதீங்க," என்பார். முன்பு பதிவைப் போட்டால் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். சுவருக்கு அப்பால் அக்காவின் மகள் வாசித்துச் சிரித்தால் சரி, சிரிக்கவில்லையென்றால் திருத்தவேண்டும்.

எங்கள் ஒழுகலைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை. எழுதினால் அவளுக்கு மனம் சங்கடப்படும். அவள் வந்த பிறகு பெய்த முதல் மழையில், சாக்கு ஊறிப்போனதால் குண்டானையே வைக்க வேண்டியதாயிற்று.

"மாமா," என்று சுவருக்கு மேலாகக் குரல் வந்தது. "ஒங்க பக்கம் என்னா சத்தம், டொக்கு டொக்குன்னு?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவர் உதவவில்லை.

"பைப்புல தண்ணி புடிக்கிறேம்மா," என்றேன்.

சுவருக்கு அப்பால் அம்மாவும் மகளும் ஏதோ குசுகுசுத்தார்கள். ஸ்டூலை இழுக்கும் சத்தம். கூரைக்கும் சுவருக்கும் இடையிலான அந்த இரண்டடியில் வளையல் போட்ட ஒரு கை தெரிந்தது. நீல வாளி மெதுவாக எங்கள் பக்கம் இறங்கியது.