திமில் இல்லாத மாட்டில் நுகத்தடி

கால்நடை அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே என் கையில் ஒரு பெரிய இரும்புக் கிடுக்கியைக் கொடுத்து ஊவா மலையில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். காளைகளுக்குக் காயடிப்பது வேலை. முதல் காளை திரும்பி என்னைப் பார்த்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடுக்கியை அழுத்தினேன். திறந்து பார்த்தால் கவ்வியிருந்தது கட்டியிருந்த கயிற்றை. மாடு அமைதியாக அசை போட்டது. எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் கேடு. மேலிடத்திலிருந்து வந்த சுற்றுநிருபம் சொன்னது இதுதான்: நாட்டுக் காளை ஒன்றும் மிஞ்சக் கூடாது, பசுக்களுக்கெல்லாம் ஜேர்சி சினை ஊசி. பால் பெருகும் என்றார்கள், பெருகவும் செய்தது. அதில் எனக்குச் சண்டை இல்லை. நாட்டு மாட்டைக் 'கழிவு' என்று எழுதிய கையைத்தான் இன்றும் பிடித்து முறுக்க வேண்டும் போலிருக்கிறது. தேயிலைப் பெக்டரிக்கு விறகு போனது அந்தக் கழிவின் கழுத்தில்தான். லொறி ஏறாத வளைவில் ஏறும். மாசக்கணக்கில் மழையில் நின்றாலும் குளம்பு அழுகாது.

வண்டிக்காரர்களும் என்னை வரவேற்கவே செய்தார்கள். காயடித்த மாடுதான் வண்டியில் அடங்கி நடக்கும். அதனால் இரண்டே வருடத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் காயடிக்காமல் மிஞ்சியது ஒரே ஒரு பொலிகாளை. என் வயதுக்காரரான செல்வராசு என்ற வண்டிக்காரர் அதைத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்.

"காயடிச்ச மாடு வண்டி இழுக்கும், சரிதாங்க. அடுத்த மாடு ஒங்க ஆபீஸ் அலமாரியிலருந்தா வரும்?" என்று கேட்டார்.

ஜேர்சிக் கலப்பு இருக்கிறதே என்றேன், பெரிய மனுசன் மாதிரி. அவர் போய் அப்படி ஒரு சோடியைக் கொண்டுவந்து விறகு வண்டியில் பூட்டினார். ஏற்றத்தில் நுகத்தடியைத் தடுத்து நிறுத்த அவற்றுக்குத் திமில் இல்லை. தடி முதுகுக்கு வழுக்கியது, வண்டி பின்னால் வந்தது. பின்னால் நின்றது நான். தேயிலைச் செடிக்குள் நான் பாய்ந்த பாய்ச்சலைக் கொழுந்தெடுத்த பெண்கள் ஒரு வாரம் நடித்துக் காட்டினார்களாம்.

அலுவலகத்தில் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொல்லி, மிஞ்சியிருக்கும் அந்த ஒரு காளையை விட்டுவைக்கலாமா என்று கேட்டேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. "நுகம் வழுக்கினா நுகத்த மாத்து. என் டார்கெட்ட மாத்தாத." திங்கட்கிழமை நான் அதற்குக் காயடிப்பதைத் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

நான் பயந்தேன். மாடு போய்விடுமே என்றல்ல, இடமாற்றம் வந்துவிடுமே என்று. ஆனாலும் போய்ச் செல்வராசுவிடம் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காளை கொம்பில் மஞ்சளும் நெற்றியில் குங்குமமுமாக மாரியம்மன் கோயில் வாசலில் நின்றது. நேர்ந்து விட்டாகிவிட்டது. லயமே சுற்றி நின்றது. அதிகாரி என்னைப் பார்த்து, போய் வேலையை முடி என்றார்.

"சேர், சாமி மாடு. நீங்க ஒருக்கா செஞ்சி காட்டுனா நான் பாத்துப் படிச்சிக்கிறேன்" என்றேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்தார், ஜீப்பில் ஏறிவிட்டார். சாமி மாட்டை இனி வண்டியில் பூட்ட முடியாது. செல்வராசு தன் வண்டிச் சோடியில் ஒன்றை, பிழைப்பில் பாதியை, அன்று கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்.

பல வருடம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு படிவம் வந்தது. நாட்டுக் காளைகள் அருகிவிட்டனவாம், காப்பாற்றியவர் யார் என்று கேட்டிருந்தது. செல்வராசுவின் பெயரை எழுதினேன். அதே அதிகாரி அதை அடித்துவிட்டு எங்கள் அலுவலகத்தின் பெயரை எழுதினார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு மாட்டினத்தை ஒழிக்க டார்கெட்டை முடிக்கும் பயந்தாங்கொள்ளி ஒருவன் போதும். ஊவாவில் அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவன் கிடைத்திருக்க மாட்டான்.