டிக்கெட் அக்கா ஊருக்குப் போகிறாள்

அந்தத் தெருவில் அவளுடைய நிஜப்பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒரு பயலுக்கும் தெரியாது. 'டிக்கெட் அக்கா' என்று கேளுங்கள், கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். ரயில் நிலையத்து முன்பதிவு அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டர் அவளுடையது. இருபத்தொரு வருஷமாக அதே கண்ணாடி, அதே நாற்காலி. குஷன் மட்டும் நாலு தடவை மாறியிருக்கிறது. கண்ணாடியில் உள்ளங்கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. 'அக்கா, ஜன்னலோரம்', 'அக்கா, கீழ்ப் படுக்கை', 'அக்கா, எப்படியாவது' என்று நாள் முழுக்க அதன் வழியாகக் குரல் வந்துகொண்டே இருக்கும். 'எப்படியாவது' என்று ரயிலில் தனியாக ஒரு பெட்டி இருப்பதாகவே ஜனங்களுக்கு நினைப்பு. என்ன செய்வது!

ரயில் விவரமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெருநகரத்துக்குப் போகிற காலை ரயில் ஆறு பத்துக்குக் கிளம்பும், பத்து மணிக்குப் போய்ச் சேரும், ஐந்தாவது பெட்டியில் ஏறினால் அங்கே இறங்குகிற இடத்திலேயே படிக்கட்டு, வலது பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது. இத்தனையும் மூச்சுவிடாமல் சொல்வாள். அந்த நகரத்தைப் பார்த்திருக்கிறாயா என்று மட்டும் அவளிடம் கேட்கக் கூடாது. பார்த்ததில்லை.

ஊருக்கெல்லாம் லீவு விட்டால்தான் அவளுக்கு வேலை பிழிந்தெடுக்கும். பள்ளி விடுமுறை வந்ததும் வரிசை கவுண்டரிலிருந்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நிற்கும். அந்த நேரத்தில் போய் லீவு கேட்டால் மேற்பார்வையாளர் அவளை ஏற இறங்கப் பார்ப்பார், அவ்வளவுதான், கேட்டவளுக்கே வெட்கமாகிவிடும். அதனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் வயரிங் வேலை பார்க்கும் அவள் வீட்டுக்காரர் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போவார். டிக்கெட் எடுத்துக் கொடுப்பது இவள். டீ நேரத்துப் பத்து நிமிஷத்தில் பிளாட்பாரத்துக்கு ஓடிப்போய்க் கையசைத்துவிட்டு, ரயில் வளைவில் மறைவதற்குள் கவுண்டருக்கு ஓடி வருவதும் இவளே. இதை யாரும் பெரிய தியாகமாகப் பேசியதில்லை. அவளும் மூக்கைச் சிந்தியதில்லை.

இந்த வருஷம் என்ன நல்ல நேரமோ, சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல இரண்டு நாள் கிடைத்தது. கிடைத்தது என்று சொன்னால் பாவம், இரண்டாம் கவுண்டர்காரர் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு அலுவலகத்தில் 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டப்பெயர். ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடித்து ஒற்றை விரலால் அடிப்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்த வாரம் சனிக்கிழமை அவளுக்கு முறை ஓய்வு. அவர் தன் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுக்கொடுத்து, "நான் உட்கார்றேன். நீ பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்ட்டு வாம்மா. இந்த ஓட்டை வழியா எவ்வளவு நாளைக்குத்தான் உலகத்தைப் பார்ப்பே?" என்றார். அவள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தாள். கூடப் பிறந்த அண்ணன் இருந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருப்பானா என்று இரண்டு தடவை சொன்னாள்.

அப்புறம் வீடு வீடாகவா இருந்தது? பெரியவள் பிளஸ் டூ படிக்கிறவள். புது நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, சனிக்கிழமைக்கு இரண்டு பக்கம், ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினாள். பத்தேகாலுக்கு மீன் காட்சியகம், ஒன்றரைக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு ஆற்றில் படகு. ஹோட்டலுக்குப் போன் போட்டு அறை சொன்னதும் அவள்தான். சின்னவள் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அங்கே பெரிய கடை ஒன்றில் இருக்கும் கண்ணாடி லிஃப்ட்.

"மேல போய்ட்டுக் கீழ வரணும். திரும்ப மேல போகணும்" என்றாள் சின்னவள்.

"அதுக்கு எவ்வளவு நேரம்டி ஒதுக்க?" என்றாள் பெரியவள், பேனாவை மூடாமல்.

"நீ ரெண்டு பக்கம் வெச்சிருக்கேல்ல, அதுல ஒரு பக்கம் குடு."

வீட்டுக்காரர் டெஸ்டரையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பையில் முதல் ஆளாக எடுத்து வைத்தார். "ஹோட்டல்காரன் பிளக் பாயின்ட்டைக் கட்டிலுக்குப் பின்னாடிதான் வெப்பான். எனக்குத் தெரியாதா?" அவர் புது இடத்துக்குப் போனால் முதலில் கூரையைப் பார்ப்பார், அடுத்து சுவரைப் பார்ப்பார், மனிதர்களெல்லாம் அதற்கப்புறம்தான். "ராத்திரி ஒரு நாள் தங்கப் போறோமா, கரண்ட் கனெக்‌ஷன் குடுக்கப் போறோமா?" என்று அவள் கேட்டதற்கு மூவரும் சிரித்தார்கள். அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இப்படி உட்கார்ந்து பேசுவதே அவளுக்குப் போதும்போல இருந்தது. இதற்கே யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல ஒரு நிறைவு.

டிக்கெட் எடுத்தது இரண்டு வாரத்துக்கு முன்பு. தன் கவுண்டரில் தனக்கே டிக்கெட் அடித்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. எல்லோரையும்போல விண்ணப்பத் தாள் நிரப்பி அடுத்த கவுண்டரில் கொடுக்க வேண்டும். கூட்டம் நெருக்கித்தள்ளிய ஒரு மத்தியானத்தில், இரண்டு ஆட்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில், போகவும் வரவும் சேர்த்துக் கிறுக்கி எக்ஸ்பிரஸிடம் நீட்டினாள். அவர் அடித்துக் கொடுத்தார். அவள் பார்க்காமலே கவரில் போட்டு வீட்டு பீரோவில் வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பெரியவள் பெட்டி எண்ணையும் இருக்கை எண்ணையும் நோட்டில் எழுதிக்கொள்ள அந்தக் கவரைப் பிரித்தாள். பிரித்தவள் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். கவருக்குள் விரலை விட்டுத் துழாவினாள்.

"அம்மா, உன் டிக்கெட் தனியா இருக்கா?"

"தனியா எதுக்குடி? எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும்."

"இதுல அப்பா, நான், இவ. மூணு பேருதான் இருக்கோம்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாங்கிப் பார்த்தாள். ஒரே நொடியில் புரிந்துவிட்டது. ஆயிரக்கணக்கான தாள்களைப் பார்த்த கண்ணல்லவா? விண்ணப்பத்தில் மேலே பயணிகள் பெயர். கீழே விண்ணப்பம் கொடுப்பவர் பெயரும் கையெழுத்தும். வருஷக்கணக்கில் மேலே மூன்று பெயரை எழுதி, கீழே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்ட கை, அன்றைக்கும் அதையேதான் செய்திருக்கிறது. தாளில் நாலு பெயர் இருந்ததால் கண்ணும் ஏமாந்துவிட்டது. எழுதியதை அடிக்க வேண்டும், கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பதும் கவுண்டர் வழக்கம்தான். எக்ஸ்பிரஸ் எழுதியதை அடித்துவிட்டார்.

இனி இடமும் கிடையாது. சனிக்கிழமைக் காலை ரயிலின் கடைசி இருக்கையை முந்தாநாள் விற்றதே அவள்தான். கொடுமையைப் பாருங்கள்!

"சரி, பரவாயில்ல. நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க" என்றாள்.

அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதில்தான் அவளுக்கே திக்கென்றது. தொண்டையில் எப்போதும் தயாராக நின்றதுபோல வந்து விழுந்தது.

பெரியவள் நோட்டை மூடினாள். முகம் சிவந்து, உதடு துடித்தது.

"அம்மா... ஹோட்டல்ல எத்தனை பேருன்னு கேட்டாங்க. நானும் மூணுன்னுதான்மா சொன்னேன். யோசிக்கவே இல்லம்மா, வாயில அப்படியே வந்துடுச்சு." சொல்லிவிட்டு, பெரிய பெண் என்பதையும் மறந்து, தேம்பித் தேம்பி அழுதாள்.

சின்னவள் அக்காவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நீ எப்பவும் டாட்டா காட்டத்தானே வருவே?" என்று கேட்டாள். குழந்தை, குத்திக்காட்டத் தெரிந்தா கேட்டது? ஆனால் பத்துப் பேர் கூடிப் பேசினாலும் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. டிக்கெட் அக்கா சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் குரலை உயர்த்திப் பேசுகிறவர் அல்ல. அன்றைக்கு உயர்த்தினார்.

"நீங்க போய்ட்டு வாங்கன்னு சொன்னியே, அந்த வார்த்தை இந்த வீட்டுல இனிமே வரக் கூடாது. இத்தனை வருஷம் அதைக் கேட்டுட்டுப் பையைத் தூக்கிட்டுக் கிளம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். போனா நாலு பேரும் போறோம். இல்லன்னா நாலு பேரும் இங்கயே கெடக்குறோம்."

"பிள்ளைங்க ஆசையா இருக்குதுங்க..."

"அதுங்ககிட்டயே கேளு."

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற ரயிலே இல்லையாம்மா?" என்றாள்.

இருந்தது. காலை ஏழு மணிக்கு ஒரு பாசஞ்சர். முன்பதிவு கிடையாது, எவர் வேண்டுமானாலும் ஏறலாம். வழியில் நிலையம் என்று பெயருள்ள எதையும் விடாமல் நின்று நின்று, ஒன்றரை மணிக்குத்தான் போய்ச் சேரும். திரும்பி வருவதும் அதே மாதிரி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்ப வேண்டும். உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இவ்வளவையும் அவள் சொல்லி முடிப்பதற்குள் பெரியவள் நோட்டைத் திறந்து மீன் காட்சியகத்தை ஒரே கோடாக அடித்தாள். எத்தனை நாள் ஆசைப்பட்டு எழுதியது! ஒன்றரைக்கு இறங்கிச் சாப்பிட்டு அறைக்குப் போவதற்குள் மூன்று தாண்டிவிடும் என்று படகையும் அடித்தாள். கண்ணாடி லிஃப்டின் மேல் பேனாவைக் கொண்டுபோனபோது சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதை மட்டும் விட்டுவிட்டாள். பிறகு ஹோட்டலுக்குப் போன் போட்டு, "மூணு இல்லீங்க, நாலு. எங்க அம்மாவும் வர்றாங்க" என்று தெருவுக்கே கேட்கும்படிச் சொன்னாள். கூடுதலாக ஒரு மெத்தை போட்டுத் தருவதாகச் சொன்னார்களாம்.

அவள் சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவ நனைந்துகொண்டே இருந்தது. ஒரு மறதிக்காக மூன்று பேர் தங்கள் ஆசையை இப்படிப் பாதியாக வெட்டிப் போட்டுவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி பையை அடுக்குகிறார்களே, நான் என்ன கொடுத்து வைத்தேன் என்று நினைத்தாள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மட்டும் எடுத்து வெளியே வைக்க அப்போதும் அவர் சம்மதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று பேரின் டிக்கெட்டையும் ரத்து செய்தாள். சனிக்கிழமை ஆறரைக்கெல்லாம் நாலு பேரும் நிலையத்தில் இருந்தார்கள். சாதாரண டிக்கெட் கவுண்டரின் வரிசையில் அவள் முன்னே நிற்க, மூவரும் பின்னால் பைகளோடு நின்றார்கள். தெரிந்தவர் ஒருவர், "என்ன அக்கா, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கிறீங்க?" என்று வியந்தார். இங்கேயும் அதே மாதிரிக் கண்ணாடி, அதே மாதிரி ஓட்டை. வெளியே நின்று பார்க்கும்போதுதான் அது எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக ஜனங்கள் முதுகை வளைத்துத்தான் தன்னிடம் பேசியிருக்கிறார்கள். அவளும் குனிந்தாள்.

உள்ளே எக்ஸ்பிரஸ். அன்றைக்குக் காலையில் அவரை இந்தக் கவுண்டரில் போட்டிருந்தார்கள். ரத்து செய்த தாளை நேற்றே பார்த்திருந்ததால் விஷயம் அவருக்குத் தெரியும். மனிதருக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்மா. கீழே உன் பேரு இருந்துச்சு, நானும் நாலுன்னே நெனச்சுட்டேன்" என்றார்.

"விடுங்கண்ணே. நீங்க லீவு விட்டுக்கொடுக்கலன்னா நான் இந்த வரிசையில நின்னே இருக்க மாட்டேன்."

அவர் ஒற்றை விரலைத் தூக்கினார். "எத்தனை பேரு?"

பின்னால் நின்ற வீட்டுக்காரர், அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"நாலு பேர்ண்ணே" என்றாள். அது போதவில்லைபோல இருந்தது அவளுக்கு. "இவங்க அப்பா, பெரியவ, சின்னவ" என்றாள். ஒரு கணம் நிறுத்தினாள். "அப்புறம் நான்."

பாசஞ்சர் டிக்கெட்டுக்கு யாரும் ஆள் விவரம் சொல்வதில்லை. வரிசையும் நீண்டுகொண்டிருந்தது. எக்ஸ்பிரஸ் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் அடித்தார்.