ஒன்பதாவது குழியும் மூன்றாம் நம்பர் இரும்பும்

கால்ஃப் மைதானத்தில் கேடி வேலை என்றால், அடுத்தவர் செய்யப்போகிற தப்பைத் தோளில் சுமந்துகொண்டு அவர் பின்னாலேயே நடப்பது. மேலே இருக்கிறவருக்கு யோசனை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான், வாங்க.

எங்கள் மைதானம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. ஒன்பதே குழி. ஆடுகிறவர் பையைத் தூக்குகிற கேடிகள் நாங்கள் எல்லாரும் சுற்றுவட்டத்து ஆட்கள். மெம்பர்கள் பையில் இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர் போட்ட நீள இரும்புக் கம்புகள் இருக்கும். மெல்லிசுத் தலை. வைத்திருப்பவர் நூறு பேர் என்றால் அடிக்கத் தெரிந்தவர் ஒருத்தர். அதற்குப் பதிலாக வந்ததுதான் ஹைபிரிட். தலை கொஞ்சம் குண்டு, பந்து தானாக எழும்பும். "இரும்பை எடுத்துட்டு இதை வைங்க சார்" என்று ஆள் ஆளாகக் கெஞ்சுவதுதான் இரண்டு வருஷமாக என் வேலை.

என்னிடம் மட்டும் ஒரு மூன்றாம் நம்பர் இரும்பு உண்டு. வெளியூர் போன மெம்பர் ஒருவர் கொடுத்தது. அது எனக்கு அடிக்க வரும். வரும் என்றால், பத்துக்கு ஆறு. ஊருக்குத்தானே உபதேசம்!

இந்த வருஷம் கேடிகளுக்குள் ஒரு போட்டி, ஜெயிக்கிறவருக்கு எங்களை மேய்க்கிற கேடி மாஸ்டர் பதவி, மாசச் சம்பளம் என்று நிர்வாகம் சொன்னது. என் மனைவி கஸ்தூரி ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கையால் தடவி இறால் பிடிக்கிறவள். சேறும் சிப்பியும் கிழித்து அவள் விரல் ஆறினதே இல்லை. எனக்குச் சம்பளம் வந்தால் அவள் கரையேறலாம். ஆகவே இது எனக்கு விளையாட்டில்லை.

கண் டாக்டருக்குத் தெரியாதது

ரிட்டயரான கண் டாக்டர் ஒருவர். மூன்றாம் நம்பரால் அடித்தால் பந்து தரையோடு ஓடித் தண்ணீரில் இறங்கிவிடும். ஹைபிரிட்டை நீட்டினால், "அதெல்லாம் கிழவங்க அடிக்கிறதுப்பா" என்பார். அவருக்கு வயது எழுபத்திரண்டு.

ஒருநாள் போனில் பேசிக்கொண்டே கையை நீட்டினார். நான் சத்தம் போடாமல் ஹைபிரிட்டை வைத்துவிட்டேன். அவரும் பார்க்காமல் அடித்துவிட்டார். பந்து எழும்பித் தண்ணீரைத் தாண்டிப் புல்லில் உட்கார்ந்தது. கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொலைஞ்சேன்டா சாமி என்று நின்றேன். அவர் சொன்னார்: "இதை முன்னாடியே குடுத்திருந்தா, இத்தனை வருஷம் உன்னைத் திட்டியிருக்க மாட்டேனே!"

ஒரேயடியாக நாலு

மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேனேஜர். டாக்டரைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் நாலு ஹைபிரிட் வாங்கி வந்தார். அன்றைக்குப் பார்த்துக் கடல்காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. பந்து வானத்துக்கு ஏறி, அங்கேயே யோசித்து, எங்கள் காலடிப் பக்கமே வந்து விழுந்தது.

"கம்பு சரியில்லை" என்று என் மேல் பாய்ந்தார். கூட வந்த காதர் என் சிநேகிதன், பழவேற்காட்டுக்காரன், அவனும் கேடி. எதற்கும் குரலை உயர்த்தமாட்டான். அவன் மெதுவாகச் சொன்னான்: "சார், படகுல பாயை ஏத்திட்டா காத்து சொல்ற எடத்துக்குத்தான் போவணும்."

கஸ்தூரியின் பறி

தண்ணீரில் விழுகிற பந்தெல்லாம் கடைசியில் கஸ்தூரி கையில்தான் வரும். ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றைத் தடவிக்கொண்டே போவாள். இறாலோடு நாலு பந்தும் பறிக்குள் போகும். கழுவித் துடைத்து மெம்பர்களுக்கே திரும்ப விற்பேன். இறால் படாத நாளில் அந்தக் காசுதான் எங்களுக்குக் குழம்பு.

எல்லார் பையிலும் ஹைபிரிட் ஏறினதும் பந்தெல்லாம் தண்ணீரைத் தாண்ட ஆரம்பித்தது. ஒருநாள் அவள் பறியை என் முன்னால் கவிழ்த்தாள். ஏழெட்டு இறால், ஒரு பந்துகூட இல்லை. "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் வித்தை சொல்லிக் குடுத்து, என் பறியில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேய்யா!"

பாடு

கேடிகளுக்குச் சொந்தமாக ஏது பை? போட்டிக்கு மெம்பர்கள் இரவல் தந்தார்கள். யாருக்கு எந்தப் பை என்று சண்டை வரும் போலிருந்தது. ஏரியில் பாடு வைப்பது போலச் செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டு எடுப்போமே, அதுதான் பாடு. வந்ததை மாற்றக்கூடாது.

அதோடு விட்டேனா? காதருக்கு அவன் மச்சான் வெளிநாட்டிலிருந்து ஒரு புதுக் கம்பு அனுப்பியிருந்தான். அதை முடக்க, "பாடுல வந்த பையைத் தவிர வெளிக்கம்பு ஆகாது" என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சீட்டைப் பிரித்தால் எனக்கு டாக்டர் பை. உள்ளே நான் வைத்த ஹைபிரிட்டுகள். என் மூன்றாம் நம்பரும் வெளிக்கம்புதான் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒண்ணே ஒண்ணு வைத்துக்கொள்கிறேனே என்று இழுத்தேன். காதர் சிரிக்கக்கூட இல்லை: "பாடு பாடுதான் மச்சான். ஏரியில மாத்துவியா?"

ஒன்பதாவது குழி

எட்டுக் குழி முடிந்தபோது நானும் காதரும் சமம். ஒன்பதாவதில் தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டும். எதிர்க்காற்று. அவன் முதலில் நின்றான். "தூக்கப் பாக்காதீங்க, அதுவே தூக்கும்" என்று நான் ஊருக்குச் சொல்கிற பாடத்தையே முணுமுணுத்துக்கொண்டு, காற்று கொஞ்சம் தணிகிறவரை பொறுத்து, பாடுல வந்த பையிலிருந்த ஹைபிரிட்டால் அடித்தான். பந்து அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

நான் ஹைபிரிட்டைப் பற்றிப் பேசியிருக்கிறேனே ஒழிய, அதனால் ஒழுங்காகப் பத்துப் பந்து அடித்ததில்லை. காற்றுக்கு அடியில் விடலாம் என்று, என் இரும்பை அழுத்துகிற மாதிரியே அதையும் அழுத்தினேன். பந்து இடது பக்கம் வளைந்து ஏரிக்குள் போய்விட்டது. காதர் கேடி மாஸ்டர் ஆனான்.

கரையோரம் கஸ்தூரி தண்ணீரில் நின்றிருந்தாள். காலையில் என் பந்தில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து அனுப்பியவள் அவள்தான். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. குனிந்து தடவினாள், எடுத்தாள், சேற்றைக் கழுவினாள், புள்ளியைப் பார்த்தாள். கரையேறி வந்து, ஈரப் பந்தை என் கையில் வைத்தாள். "இம்மா நாளா ஒரு பந்துகூட இல்லியேன்னு அழுதுக்கினு இருந்தேன். கடைசில நீயே போட்டுட்டே. வா, வூட்டுக்குப் போலாம். நாளைக்கும் நான் எறங்கணும்."

ஊரார் கையிலிருந்து இத்தனை இரும்பைப் பிடுங்கின எனக்கு, என் கையிலிருந்து அந்த ஒன்றே ஒன்றைக் காலாகாலத்தில் பிடுங்கத்தான் ஒரு கேடி கிடைக்காமல் போய்விட்டான்.