பம்பர் விரிசல் விட்ட அன்று மதினி

என் மதினி சங்கரேஸ்வரி நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். அண்ணன் சிவனணைந்தபெருமாள் ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். அந்த மிதப்பு இருக்கிறதே, அப்பப்பா! "ஏட்டி, வண்டியில ஒரு அடி விழுந்தாலும் சாவியை என் கையில கொடுத்துரணும்" என்று சொல்லித்தான் அவளை ஓட்டவே விட்டான். ஆஸ்பத்திரி, சந்தை, கல்யாண வீடு என்று இலஞ்சியில் எங்கள் குடும்பத்துக்கே இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். சாவி போனால் மறுபடியும் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டியதுதான்.

போன சீசனில், சாரல் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன், மதினி, நான் மூன்று பேரும் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு தென்காசி சந்தைக்கு வந்தோம். நெரிசலில் மதினி காரை நிறுத்திக் காத்திருந்தாள். முன்னால் எலுமிச்சை மூட்டைகளோடு நின்ற லோடு ஆட்டோ சடாரென்று பின்னால் வந்து முட்டியது. எங்கள் பம்பர் விரிசல் விட்டது, ஆட்டோவின் பின்விளக்கு நொறுங்கியது.

இறங்கி வந்த டிரைவர் ரத்தினம், "பின்னால வந்து இடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கீங்க?" என்று மதினி மேலேயே பாய்ந்தான். கூட்டம் கூடிவிட்டது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெரியவர், "பொம்பளை கையில வண்டியைக் கொடுத்தா இப்பிடித்தான்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் வாயில் ஒரு எலுமிச்சங்காயைத் திணித்திருப்பேன். அண்ணனோ, நடந்ததைக் கண்ணால் பார்த்தவன், ஐநூறு ரூபாயை எடுத்து நீட்டினான்.

"கொடுத்துட்டுப் போவோம்ட்டி. நமக்கு எதுக்கு வம்பு?"

"காசு கொடுத்தா தப்பு என்னுதுன்னு ஆயிரும். உள்ள வைங்க" என்றாள் மதினி. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் எபனேசரைப் போனில் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னாள்.

"இந்தச் சின்ன அடிக்கு க்ளைம் போடாதீங்கக்கா" என்றார் அவர். "இத்தனை வருஷம் க்ளைமே போடலைன்னுதான் உங்களுக்குப் பிரீமியம் குறைச்சுத் தாராங்க. போட்டா அது போயிரும். கைக்காசுல மாத்திருங்க, அதுதான் லாபம்."

"நட்டம்னாலும் போடுங்க. எப்பிடி நடந்ததுன்னு விசாரிப்பாங்கல்லா? எனக்கு அதுதான் வேணும்."

"விசாரிப்பாங்க. எதிர்வண்டி நம்பர், டிரைவர் பேரு, அங்கன கேமரா இருந்தா அதையும் கேப்பாங்க."

ரத்தினம் நிமிர்ந்து கடை வாசல் கேமராவைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது. "அக்கா... நான்தான் கண்ணாடி பாக்காம பின்னால எடுத்துட்டேன்" என்று முணுமுணுத்தான்.

"சத்தமாச் சொல்லு தம்பி. இவங்களுக்குக் கேக்கலை."

சத்தமாகச் சொன்னான்.

"எபனேசரு, க்ளைம் வேண்டாம். பம்பரை நானே மாத்திக்கிடுதேன்" என்று போனை வைத்தாள். ரத்தினத்திடம் ஒரு பைசா கேட்கவில்லை.

கார் கிளம்பும்போது அதே வெற்றிலைப் பெரியவர் முன்னால் வந்து, "ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்று ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிக் கையை ஆட்டினார். மதினி கண்ணாடியை இறக்கினாள்.

"தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. எனக்கு எடுக்கத் தெரியும்."

ஒரே எடுப்பில் எடுத்தாள். அண்ணன் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டான், சாவியைப் பற்றி மூச்சே விடவில்லை. என் மதினியாக்கும்!